நியோகிளாசிக்கல் நீர்வண்ண நிலக்காட்சி: அமைப்பையும் காற்றையும் எந்த வரிசையில் கொண்டுவருவது

பழைய கிரேக்க, ரோமானியக் கலையின் ஒழுங்கை முன்மாதிரியாகக் கொண்ட இந்தப் பாணியின் சட்டகம் பெரும்பாலும் ஒன்றுதான். ஓரத்தில் இருண்ட மரம், நடுவில் வெளிச்சம் வாங்கிய நீர்நிலை, அதற்கு அப்பால் ஒரு கட்டடமோ ஊரோ, கடைசியில் வெளிறிக் கரையும் தூரம். பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் கிளாட் லொரெய்ன் எண்ணெய் வண்ணத்தில் பழக்கிவிட்ட இந்த அமைப்பைத்தான் அடுத்த நூற்றாண்டு நீர்வண்ணக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். பார்க்க எளிதாக இருக்கிறது. ஆனால் புதிதாக வருபவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே முதலில் அந்த மரத்தில்தான் கை வைக்கிறார்கள், மரம் நன்றாகவே வந்துவிடுகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் எதையும் அதோடு ஒத்துப்போகிற மாதிரி போட முடியாமல் திணறுகிறார்கள். மரம் மட்டும் ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும்.

படத்துக்குள் காற்று இருக்கிறது என்ற உணர்வு, அடுக்குகளுக்கு நடுவே நீங்கள் விடுகிற டோன் (இருட்டு-வெளிச்ச அளவு) இடைவெளியால் வருகிறது. அந்த இடைவெளி பென்சில் வேலையிலேயே பாதி முடிவாகிவிடும். அதனால்தான் கீழே உள்ளதில் பெரும்பகுதி பெயின்ட் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. அவசரப்பட்டு அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

மாதிரிக்கு ஒரே இடத்தை வைத்துக்கொள்வோம்: ரோமுக்குத் தென்கிழக்கே இருக்கும் அல்பானோ ஏரி. பழைய எரிமலை வாயில் தண்ணீர் நிறைந்து உண்டானது, கிண்ணம் போன்ற சரிவு, மேற்கு விளிம்பில் காஸ்தெல் காந்தோல்ஃபோ என்ற ஊர், அதற்கும் பின்னால் கடல்வரை தாழ்ந்து போகும் சமவெளி. ஆங்கில ஓவியர் ஜான் ராபர்ட் கோஸன்ஸ் (1752–1797) இந்த ஏரியைப் பலமுறை நீர்வண்ணத்தில் வரைந்திருக்கிறார். அவர் படத்தை நகலெடுக்கப் போவதில்லை, அதே இடத்தை அந்தக் காலத்து முறையில் நாமே கட்டப்போகிறோம்.

1. உட்காருவதற்கு முன்

காகிதம் நூறு சதவீதம் பருத்தி, 300 ஜி.எஸ்.எம்., கோல்டு பிரஸ் (லேசான சொரசொரப்பு உள்ளது). இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்த முறையில் ஒரே இடத்தில் நான்கைந்து வாஷ் (தண்ணீர் விட்டுக் கலந்த நிறப் பூச்சு) ஏறும். சாதாரண கார்ட்ரிட்ஜ் பேப்பரில் மூன்றாவது வாஷுக்கே மேற்பரப்பு உரிந்து, கீழே போட்ட நிறம் கரைந்து மேலே வந்து எல்லாம் சேறாகிவிடும். பெயின்ட் கொஞ்சம் மலிவாக இருந்தால் சமாளிக்கலாம், காகிதம் மலிவாக இருந்தால் என்ன திறமை இருந்தும் பயனில்லை.

அளவு 15க்கு 11 அங்குலம். முழு இம்பீரியல் தாளை நான்காக வெட்டினால் இது கிடைக்கும். பலகையில் வைத்து நான்கு பக்கமும் அரை அங்குலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினால் உள்ளே 14க்கு 10 மிஞ்சும். இனி நான் சொல்லும் அளவெல்லாம் அந்த 14க்கு 10ஐ வைத்துத்தான்.

நிறங்கள் ஐந்து: பிரஷ்யன் புளூ, லைட் ரெட் (சிவப்பு மண் நிறம்), ரா சியன்னா, பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர். அவ்வளவுதான். சாப் கிரீன், கோபால்ட், லெமன் யெல்லோ எல்லாவற்றையும் மூடி வையுங்கள். கோபால்ட் நீலம் வந்ததே 1802இல், செயற்கை அல்ட்ராமரின் 1820களின் கடைசியில். 1780களில் வரைந்தவர் கையில் நீலம் என்றால் பெரும்பாலும் பிரஷ்யன் புளூவும் இண்டிகோவும்தான், அவற்றைச் சிவப்பு மண்ணோடு கலந்துதான் வானத்தின் சாம்பலைக் கொண்டுவந்தார்கள். நிறங்கள் குறைவாக இருந்தால் படம் தானாகவே ஒரே காற்றுக்குள் வந்துவிடும் என்பது இதில் உள்ள லாபம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அருங்காட்சியகப் படங்களின் புகைப்படத்தைப் பார்த்து, வானம் இளஞ்சிவப்பாக இருக்கிறதே என்று அதையே போடப் பார்ப்பார்கள். அந்தக் காலத்து இண்டிகோ வெளிச்சம் பட்டால் மங்கிப்போகும், கலந்திருந்த சிவப்பு மட்டும் மிஞ்சும். பல பழைய படங்களில் நாம் பார்க்கும் சிவப்பு வானம் ஓவியர் போட்டதல்ல.

பிரஷ்: ஒரு அங்குல ஃபிளாட் ஒன்று, ரவுண்டில் 12, 8, 4. தண்ணீருக்கு இரண்டு டம்ளர், ஒன்று கழுவ, ஒன்று சுத்தமாக. டிஷ்யூ, சின்ன ஸ்பாஞ்ச், பலகைக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஒரு தடித்த புத்தகம். வானம் போடும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், நம் வீடுகளில் இதை யாரும் நினைப்பதே இல்லை. தலைக்கு மேல் ஃபேன் ஓடினால் வாஷின் ஒரு பக்கம் முன்னாடியே காய்ந்து கோடு விழும், பிறகு பழியெல்லாம் காகிதத்தின் மேல்.

2. எங்கே நிற்கிறோம், வெயில் எங்கிருந்து வருகிறது

நாம் நிற்பது ஏரியின் கிழக்குக் கரைக்கு மேலே, பார்ப்பது மேற்கே. நேரம் இலையுதிர்காலத்து மாலை. சூரியன் தென்மேற்கில், அதாவது இடப்பக்கம், சட்டத்துக்கு வெளியே. இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பலகையில் ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் பாதி வேலையில் மறந்துபோய் ஊரின் நம் பக்கச் சுவரில் வெயிலைப் பூசிவிடுவார்கள். வெயில் காட்சிக்குப் பின்னாலிருந்து வருகிறது. நம்மைப் பார்க்கும் சுவர், நம்மைப் பார்க்கும் சரிவு, முன்னால் இருக்கும் மரம் எல்லாமே நிழலில்தான் இருக்கும்.

எதிர் வெயிலைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. பின்னாலிருந்து ஒளி வந்தால் ஒவ்வொரு அடுக்கும் தட்டையான ஒரே நிழலாகத் தெரியும், உள் விவரம் மறைந்துவிடும். அடுக்குகளைப் பிரித்துக் காட்டுவது சுலபமாகும்.

அடுத்தது கண்மட்டம். தொடுவானக் கோடு எப்போதும் நம் கண் உயரத்தில்தான் இருக்கும், எவ்வளவு உயரத்தில் ஏறி நின்றாலும். கண்ணைவிட உயரமான பொருள் மட்டுமே அந்தக் கோட்டைத் தாண்டி வானத்துக்குள் போகும். நாம் ஊரின் கூரைகளுக்குச் சற்று மேலே, தேவாலயத்தின் குவிமாடத்துக்குச் சற்றுக் கீழே நிற்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் கூரைகள் தொடுவானத்துக்குக் கீழே அடங்கும், குவிமாடம் மட்டும் வானத்தில் நீட்டிக்கொண்டு தெரியும். இந்த ஒரு சின்ன வெட்டு படம் முழுவதையும் பிடித்து நிறுத்தும். கண்மட்டத்தை முடிவுசெய்யாமல் வரைந்தால் ஏரி நம்மை நோக்கிச் சரிந்து கொட்டுகிற மாதிரி ஆகிவிடும், அப்புறம் எந்த நிறமும் அதைக் காப்பாற்றாது.

3. சின்னப் படங்கள், மூன்றே டோன்

உள்ளங்கை அளவுக்கு நான்கு செவ்வகம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் இதே காட்சியை வெள்ளை, நடுச் சாம்பல், கறுப்பு என்று மூன்றே டோனில் நிரப்புங்கள். கோடு வேண்டாம், மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் போதும். ஒன்றில் மரம் இடப்பக்கம், இன்னொன்றில் வலப்பக்கம், மற்றொன்றில் ஊர் நடுவில் என்று மாற்றிப் பாருங்கள்.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். கறுப்பெல்லாம் ஒன்றோடொன்று கைகோத்து ஒரே வடிவமாகத் தெரிகிறதா, வெள்ளை ஒரு பெரிய துண்டாக இருக்கிறதா? அப்படியிருந்தால் அது நல்ல அமைப்பு. கறுப்பு அங்கங்கே சிதறிக் கிடந்தால் வேண்டாம். இந்தப் பாணியின் அமைதி பெரிய வடிவங்கள் குறைவாக இருப்பதில் இருக்கிறது, பொருட்கள் குறைவாக இருப்பதில் அல்ல.

நேரில் காட்சியைப் பார்த்து வரைபவர்களுக்கு ஒரு வழி. அந்தக் காலத்தில் பயணிகள் கறுப்பு நிறக் குவிகண்ணாடி ஒன்றை வைத்திருப்பார்கள், கிளாட் கண்ணாடி என்று பெயர். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று அதில் தெரியும் பிம்பத்தைப் பார்ப்பார்கள். நிறம் அடங்கி, டோன் மட்டும் தெளிவாகத் தெரியும். உங்கள் போனின் திரையை அணைத்துவிட்டு அதே மாதிரி பிடித்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும்.

நாம் எடுத்துக்கொள்ளும் அமைப்பு இது: இருண்ட மரம் இடப்பக்கம், ஊர் வலப்பக்கம் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், மிக வெளிச்சமான இடம் மரத்துக்குச் சற்று வலப்புறமாகத் தொடுவானத்தில். சூரியன் இருக்கும் பக்கத்திலேயே மரத்தை வைப்பதால் அது ஒளியை மறைத்து நிற்கிறது, மறைந்த ஒளி அதன் ஓரத்திலிருந்து படத்துக்குள் வழிகிறது.

4. அடுக்குகளை அளந்து பிரித்தல்

அடுக்குகள் ஐந்து. பத்து அங்குல உயரத்தை மேலிருந்து இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: வானம் 5½, தூரத்துச் சமவெளி ½, மலைவிளிம்பும் சரிவும் 1¼, ஏரி ¾, முன்கரை 2.

எந்த இரண்டும் சமமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். கை தன்னிச்சையாகச் சம அளவுப் பட்டைகளைத்தான் போடும், பலரும் தடுமாறுவது இங்கேதான். எல்லாப் பட்டையும் ஒரே தடிமனாக இருந்தால் கண் எங்கும் நிற்காது, வேகமும் எடுக்காது. தூரத்துச் சமவெளியை அரை அங்குலத்துக்குள் அடக்குவது கொஞ்சம் கஞ்சத்தனமாகத் தோன்றும். ஆனால் உண்மையில் பல கிலோமீட்டர் நிலம் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரியும், அந்தச் சுருக்கமே பரப்பைச் சொல்கிறது.

அடுத்தது டோன் திட்டம், இந்த முழு வழிகாட்டியில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். காகித வெள்ளை 1, நம் ஐந்து நிறத்தில் கிடைக்கும் மிக ஆழ்ந்த இருட்டு 7 என்று ஏழு கட்டம் கொண்ட அளவுப்பட்டை ஒன்றைத் தனித் துண்டில் போட்டுக்கொள்ளுங்கள். தொடுவானத்துக்கு 1, மேல் வானத்துக்கு 2 முதல் 3, சமவெளிக்கு 2, மலைச்சரிவுக்கு 4, ஏரிக்கு 2 முதல் 3, முன்கரைக்கு 6, மரத்துக்கு 6 முதல் 7.

5 எங்கே? அதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். சரிவு 4இல் நிற்கிறது, முன்கரை 6இல் தொடங்குகிறது, நடுவில் ஒரு கட்டம் காலி. ஏரியின் மேல் நிற்கும் காற்று முழுவதும் அந்தக் காலிக் கட்டத்தில்தான் இருக்கிறது. எல்லா டோனையும் வரிசையாகப் பயன்படுத்தினால் முன்னும் பின்னும் படிப்படியாகக் கலந்துவிடும், முன்கரைக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே பள்ளம் இருக்கிறது என்ற உணர்வே வராது. வேலை செய்யச் செய்ய சரிவை இன்னும் கொஞ்சம் அழுத்தலாமே என்று கை துடிக்கும். அழுத்தினால் 5 நிரம்பிவிடும், ஏரி மூடிக்கொள்ளும்.

5. பென்சில்

எச்.பி. பென்சில், லேசான கை. கோட்டை அழுத்தினால் காகிதத்தில் பள்ளம் விழுந்து அங்கே நிறம் தேங்கும். ஊரின் கட்டடங்கள், குவிமாடம், மரத்தின் அடித்தண்டு மட்டும் கவனமாக. இலைத்தொகுதிக்கு வெளிவடிவம் போதும். தூரத்துச் சமவெளிக்கு ஒரே கோடு. அழிக்க வேண்டியிருந்தால் பிசைந்து ஒற்றும் ரப்பர், தேய்க்கும் ரப்பர் காகிதத்தின் மேற்பரப்பைக் கெடுக்கும்.

விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இடங்களை இப்போதே தேடிப்பிடியுங்கள். கிளையின் நுனி சரியாக மலைவிளிம்பில் முடிவது, முன்கரைப் புதர் சரியாக ஏரிக்கரைக் கோட்டில் முடிவது, குவிமாடத்தின் உச்சி ஒரு மேகத்தின் ஓரத்தைத் தொடுவது. தொட்டால் இரண்டும் ஒரே தூரத்தில் இருப்பதாகக் கண் நம்பிவிடும், அடுக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்று தெளிவாக மறைக்கட்டும், அல்லது தெளிவாக விலகட்டும்.

6. முதல் வாஷ்: காகிதத்தின் வெண்மையைத் தணித்தல்

ரா சியன்னாவில் துளி லைட் ரெட், மிகத் தண்ணியாக, தேநீரைவிடப் பல மடங்கு வெளிர். பலகையைச் சாய்த்து ஃபிளாட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழ்வரை காகிதம் முழுக்க ஒரே சீராக. தொடுவானத்தில் நமக்கு மிக வெளிச்சமான இடத்தில் மட்டும் ஈர டிஷ்யூவால் லேசாக ஒற்றி எடுங்கள்.

பின்னால் வரும் நீலமும் சாம்பலும் எல்லாம் இந்தச் சூட்டின் மேல் உட்காரும், அதனால் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே மாலை வெயிலுக்குள் வரும். இதை விட்டுவிட்டு வெறும் வெள்ளைக் காகிதத்தில் தொடங்கினால் கடைசியில் எல்லாம் குளிர்ந்து, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கும். அப்போது மேலே மஞ்சள் பூசிச் சரிசெய்யப் பார்ப்பார்கள், அதில் கீழ் வாஷ் கிளம்பிவிடும்.

முழுசாகக் காயவிடுங்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள்: சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம்.

7. வானம்

நீலத்தையும் மஞ்சளையும் ஈரத்தில் சந்திக்கவிட்டால் பச்சை வரும், பிரஷ்யன் புளூவில் இது இன்னும் மோசம். அதனால் நடுவில் ஒரு காவலாளி வேண்டும். அதுதான் லைட் ரெட்.

இரண்டு கிண்ணத்தில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் லைட் ரெட் மட்டும், வெளிராக. இன்னொன்றில் பிரஷ்யன் புளூவோடு லைட் ரெட் சேர்த்து, நீலம் சாம்பலாக மாறும் அளவுக்கு. இந்தச் சாம்பல்தான் படம் முழுக்க வரப்போகிறது, தாய்ச் சாம்பல் என்று வைத்துக்கொள்வோம். வேண்டும் என்று தோன்றுவதைவிட இரண்டு மடங்கு கலந்து வையுங்கள், நடுவில் தீர்ந்துபோய் மறுபடி கலந்தால் அதே நிறம் வராது.

பலகையைத் தலைகீழாகத் திருப்பி, புத்தகத்தால் முட்டுக்கொடுங்கள். இப்போது தொடுவானம் மேலே, வானத்தின் உச்சி கீழே. தொடுவானத்திலிருந்து சுத்தமான தண்ணீரோடு தொடங்கி, ஒரு அங்குலம் இறங்கியதும் லைட் ரெட்டைச் சேருங்கள், இரண்டு அங்குலத்தில் தாய்ச் சாம்பலுக்கு மாறுங்கள், கடைசியில் கொஞ்சம் அதிக நீலம். தலைகீழாக வைப்பதால் கனமான நிறம் தொடுவானத்தை விட்டு விலகித்தான் ஓடும், வெளிச்சத்துக்குள் வழியாது. ஒரே மூச்சில் முடியுங்கள், திரும்பிப் போய்த் தொடாதீர்கள். பாதி காய்ந்த வாஷில் ஈர பிரஷ் பட்டால் தண்ணீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூப் பூத்த மாதிரி ஓரம் கட்டும், அதை எடுக்க வழியில்லை. பிரஷ்யன் புளூ காகிதத்தில் கறையாகப் பிடித்துக்கொள்ளும் நிறம், பிறகு துடைத்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை வேண்டாம்.

ஈரமாகப் பார்க்கும்போது கொஞ்சம் அடர்த்தியாகத் தெரிகிறதா? சரி, அப்படித்தான் இருக்க வேண்டும். காய்ந்தால் வெளுக்கும். மேகம் வேண்டுமென்றால் வலப்பக்கம் மேலே ஒன்றிரண்டு நீளமான படுக்கை மேகம், காய்ந்த பிறகு வெளிர்ச் சாம்பலில் போட்டு கீழ் ஓரத்தைத் தண்ணீரால் கரைத்துவிடுங்கள். மேகக் கூட்டம் போட்டால் கவனம் ஏரியை விட்டு மேலே போய்விடும்.

8. தூரத்துச் சமவெளி

தாய்ச் சாம்பலை நன்றாகத் தண்ணீர் விட்டு வெளிறவைத்து, நீலம் சற்றுத் தூக்கலாக. தொடுவானத்தில் கடல் இருக்கும் இடத்தில் மெல்லிய ஒரு கோடு, அதற்குக் கீழே நிலம் ஒரே தீற்றலில். வெளிச்சமான இடத்துக்கு நேர் கீழே கோடு கிட்டத்தட்ட மறைந்துபோகட்டும்.

தூரம் போகப்போக முதலில் மாறுவது இருட்டுகள்தான். நமக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள காற்று வானத்தின் ஒளியைச் சிதறவைப்பதால் தூரத்து நிழல்களின் மேல் வெளிர் நீலம் படிகிறது. தூரத்து வெளிச்சங்களோ கொஞ்சம் மஞ்சளாக மங்குகின்றன. ஆகவே இங்கே பழுப்பும் வேண்டாம், இருட்டும் வேண்டாம். மரம், வீடு எதையும் குறிக்க வேண்டாம். நான்கைந்து கிடைக் கீற்றுகள், அதுவும் ஒரே நீளத்தில் இல்லாமல்.

9. மலைவிளிம்பும் ஊரும்

படத்தில் நிதானமாகச் செய்ய வேண்டியது இதுதான். முதலில் விளிம்பு, சரிவு, ஊர் மூன்றையும் சேர்த்து ஒரே சாம்பல் நிழலாகப் போடுகிறோம், பிறகு அதன் மேல் நிறம் ஏற்றுகிறோம். அந்தக் காலத்து நீர்வண்ணத்தில் பரவலாக இருந்த முறை இது: நிழலைச் சாம்பலில் முடித்துவிட்டு மேலே மெல்லிய நிறம். நேரடியாகப் பச்சையில் தொடங்கினால் டோனையும் நிறத்தையும் ஒரே சமயத்தில் சரியாகப் பிடிக்க வேண்டும், பழகிய கைக்கே அது சிரமம்.

12ஆம் நம்பர் பிரஷ், தாய்ச் சாம்பல், டோன் 4ஐவிடச் சற்று வெளிராக. விளிம்பின் மேல்கோட்டை இடமிருந்து வலமாக, பிரஷ்ஷின் நுனியால். கூரைகளையும் குவிமாடத்தையும் இதே ஓட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறம் மணியாகத் திரண்டு நிற்கும்போதே அதைக் கீழே இழுத்து வாருங்கள். சரிவின் பாதிக்கு வந்ததும் பிரஷ்ஷைக் கழுவி, டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றி, ஈரம் மட்டும் உள்ள பிரஷ்ஷால் நிறத்தின் கீழ் ஓரத்தைத் தொட்டுத் தண்ணீர்க்கரை வரைக்கும் கரைத்து இறக்குங்கள்.

இப்போது மலையின் உச்சி அடர்ந்தும் அடிவாரம் வெளிறியும் இருக்கும். மூட்டம் தாழ்ந்த இடத்தில்தான் தேங்கும், அதனால் மலை அடியில் கரைகிறது. புதியவர்கள் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள், அடிவாரத்தை இருட்டாக்கி மலையைத் தரையில் ஊன்றப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் காற்று போய்விடும்.

காய்ந்தபின் சரிவின் மேல்பாதியில் ரா சியன்னாவும் துளி பிரஷ்யன் புளூவும் கலந்த மங்கிய பச்சை, மெல்லிய கிளேஸாக, அதாவது கீழே உள்ளது தெரியும்படியான பூச்சாக. ஒரே தடவை, தேய்க்காமல். அதுவும் காய்ந்த பிறகு 4ஆம் நம்பர் பிரஷ்ஷால் மரத்தொகுதிகளைச் சின்னச் சின்னத் தொடுகைகளாக, சரிவு இறங்கும் திசையிலேயே வையுங்கள். கோஸன்ஸ் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது தெரியும், மென்மையான மூட்டமாகத் தோன்றும் சரிவுகள் கிட்டத்தில் பொறுமையான குட்டித் தீற்றல்களால் ஆனவை.

ஊரில் ஜன்னல் வரையாதீர்கள். இவ்வளவு தூரத்தில், எதிர் வெயிலில், ஜன்னல் தெரியாது. குவிமாடத்தின் இடப்பக்க ஓரத்திலும் இரண்டு மூன்று கூரைகளின் மேலும் முதல் வாஷின் சூடான வெளிர் நிறத்தைக் கீற்றாக விட்டுவைத்தால் போதும். விட மறந்துவிட்டால் கத்தி நுனியால் மெல்லச் சுரண்டலாம். வெள்ளை பெயின்ட் வேண்டாம், அது மேலே சுண்ணாம்பு மாதிரி உட்கார்ந்துகொள்ளும், சுற்றியுள்ள எல்லாம் ஒளி ஊடுருவும் நிறமாக இருக்கும்போது அது மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு வரும்.

10. ஏரி

ஏரி முழுக்க நீலமாக அடித்துவிடுவதுதான் பொதுவான தவறு. உயரத்திலிருந்து பார்க்கும்போது எதிர்க்கரை ஓரத்துத் தண்ணீர் சரிவின் நிழலைக் காட்டும், நமக்குப் பக்கத்தில் உள்ள தண்ணீர் வானத்தைக் காட்டும். ஆகவே மேல் ஓரத்தில் சரிவின் சாம்பலே, ஒரு கட்டம் வெளிராக. அது கீழே வரவர வானத்தின் வெளிச்சமாக மாறட்டும். ஈரத்திலேயே செய்யுங்கள், கிடைத் தீற்றலாக மட்டும்.

ஊரின் பிம்பத்தைத் தண்ணீரில் போட வேண்டாம். கரையிலிருந்து உள்ளே தள்ளி, உயரத்தில் நிற்கும் கட்டடத்தின் பிம்பத்தைக் கீழே உள்ள சரிவு மறைத்துவிடும். போட்டால் ஊர் தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருக்கும்.

காய்ந்ததும், எதிர்க்கரைக்குச் சற்று முன்னால் ஒரே ஒரு வெளிச்சக் கீற்றை ஈர பிரஷ்ஷால் தேய்த்து டிஷ்யூவால் எடுக்கலாம். மாலைக் காற்றில் தண்ணீர் சிலிர்க்கும் இடம் அது. ஒன்று போதும்.

11. முன்கரையும் மரமும்

இவ்வளவு தூரம் வந்தபின் படத்தைச் சுவரில் சாய்த்துத் தள்ளி நின்று பாருங்கள். முன்னால் வெற்றிடம், பின்னால் அமைதியான ஒரு தூரம். பின்பாதி மட்டும் தனியாகவே நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் மரம் போட்டு அதை மறைக்க முடியாது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

முன்கரைக்குத் தாய்ச் சாம்பலில் பர்ன்ட் அம்பரும் பர்ன்ட் சியன்னாவும் நிறையச் சேர்த்து, கெட்டியாக. பின்னால் நீலம் தூக்கல், முன்னால் சிவப்பு மண் தூக்கல், ஆனால் அடிப்படைச் சாம்பல் ஒன்றே. முன்புலத்தைப் புல், கல், பூ என்று நிரப்பினால் கண் அங்கேயே உட்கார்ந்துவிடும். இது வாசல்படி, இங்கே யாரும் தங்கக் கூடாது. நடுவில் ஒரு பாதை, மரத்துக்கு வலப்புறம் வெயில் விழும் ஒரு சின்னத் திட்டு, அவ்வளவு. நிழல்கள் நம்மை நோக்கியும் வலப்பக்கமாகவும் சாயும்.

மரம் ஹோம் ஓக். அல்பானோ கரையோரப் பாதைகளில் வரிசையாக நிற்பது அதுதான், இலை உதிர்க்காத, கரும்பச்சை மரம், இருட்டுக்கு ஏற்றது. அடித்தண்டு இடப்பக்க ஓரத்திலிருந்து இரண்டரை அங்குலத்தில், உச்சி மேல்விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே, சில கிளைகள் சட்டத்துக்கு வெளியே போகட்டும். தண்டு நேராக நிற்க வேண்டாம், வெளிச்சத்தை நோக்கி லேசாக வளையட்டும்.

இலைகளை மூன்று சுற்றில் போடுங்கள். முதலில் பர்ன்ட் சியன்னாவும் பிரஷ்யன் புளூவும் கலந்த பச்சையில், 8ஆம் நம்பர் பிரஷ்ஷைப் படுக்கவைத்துக் காய்ந்த காகிதத்தில் இழுத்து, வெளி ஓரங்களை உடைந்த மாதிரி. நடு நடுவே வானம் தெரியும் ஓட்டைகளை விடுங்கள், ஒரே அளவாக இல்லாமல், நடுவில் குறைவாகவும் ஓரங்களில் அதிகமாகவும். இரண்டாவது சுற்றில் தொகுதிகளின் அடிப்பக்கத்துக்கு அம்பர் சேர்த்த இருட்டு. மூன்றாவதில் தண்டும் கிளைகளும், 7ஐத் தொடும் ஒரே இடம் தண்டின் கீழ்ப்பகுதி.

அந்த ஓட்டைகளைப் பற்றி இன்னொன்று. இலைக்குள் தெரியும் சின்ன வானத் துண்டுகள் வெளியே உள்ள திறந்த வானத்தைவிடச் சற்று மங்கலாகத்தான் தெரியும். காய்ந்த பிறகு அவற்றின் மேல் மிக மெல்லிய சாம்பல் ஒரு தடவை. இதைச் செய்யாவிட்டால் மரத்துக்குள் விளக்குகள் எரிகிற மாதிரி மினுக்கும்.

வலப்பக்கக் கீழ்மூலையில் ஒரு தாழ்ந்த புதரோ உடைந்த கற்தூண் துண்டோ வைக்கலாம், மரத்தின் எடைக்கு எதிராக. மரத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். இரண்டு பக்கமும் சம உயரத்தில் மரம் வைத்தால் நாடக மேடைத் திரை ஆகிவிடும்.

12. மனிதர்கள், கடைசித் தொடுகை

பாதையில் இரண்டு மனிதர்கள், அரை அங்குலத்துக்குள். தலையைச் சிறிதாக வையுங்கள். எல்லோரும் தலையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள், உடனே குழந்தைகளாகத் தெரிவார்கள். ஒருவர் மேல் துளி லைட் ரெட். படத்திலேயே கலக்காமல் கெட்டியாகத் தெரியும் சிவப்பு அது ஒன்றுதான், ஏரியின் பரப்பை அளக்க அந்தச் சின்ன உருவம் போதும்.

அடுத்த நாள் காலை புதுக் கண்ணோடு பாருங்கள். போனில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி, முன்பு போட்ட ஏழு கட்ட அளவுப்பட்டையோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் முன்கரை 5இல் நின்றிருக்கும், பயந்து பயந்து போட்டதால். அதற்கு இன்னொரு கிளேஸ் கொடுங்கள். சரிவு 5க்குப் போயிருந்தால் ஈர ஸ்பாஞ்சால் அடிவாரத்தை மட்டும் மெல்ல ஒற்றி வெளிறவைக்கலாம், மேல்கோட்டைத் தொட வேண்டாம்.

இதே சட்டகத்தை நம் ஊர்க் காட்சிக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு: ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792–93இல் தென்னிந்தியாவில் சுற்றியபோது திருச்சி மலைக்கோட்டையையும் பாபநாசம் அருவியையும் வரைந்தார்கள், அவர்கள் பார்வையும் இந்த மரபிலிருந்து வந்ததுதான். நம்மிடத்தில் உச்சிவெயிலில் போய் உட்காராதீர்கள். சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது அடுக்குகள் பிரியாது. விடிந்த உடன், குளத்துக்கு மேற்கே நின்று கிழக்கே பார்த்து அமருங்கள். அந்தக் காலத்தில் ரோமைச் சுற்றி வெளியில் அமர்ந்து வரைந்த பிரெஞ்சு ஓவியர் பியேர்-ஆன்ரி த வலான்சியென் இயற்கையில் எடுக்கும் பயிற்சிப் படத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணிநேரம், சூரிய உதயத்துக்கும் மறைவுக்கும் அரை மணிநேரம் என்று வரையறுத்திருந்தார், அதற்குள் ஒளி மாறிவிடும் என்பதால். அந்த அரை மணியில் டோன் திட்டத்தை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள், மீதியை வீட்டில் மேலே சொன்ன வரிசையிலேயே செய்யலாம்.